சிறு தோட்டக் குடும்பங்களின் ஒயினைக் கடையில் அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். தாமே திராட்சை பயிரிட்டுப் பழைய முறையில் ஒயின் தயாரிக்கும் சிறு குடும்பங்களின் புட்டிகளை வாங்க விரும்புகிறேன். ஆனால் கடையில் எல்லா லேபிளிலும் ஒரு மாளிகைப் படமும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லும் இருக்கின்றன. புட்டிக்கு 25 யூரோவுக்கு மேற்படாமல், நம் காரமான சாப்பாட்டுக்கும் பொருந்தும்படி எவற்றை வாங்கலாம்?

பதில்: மாளிகைப் படத்துக்கும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லுக்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. பிரான்சில் ‘வியேய் வீன்’, அதாவது பழைய கொடிகள், என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் கொடிகளுக்கு எத்தனை வயது இருக்க வேண்டும் என்று நாடு தழுவிய வரையறை கிடையாது. ஸ்பெயினில் ‘ரெசெர்வா’ என்பது வரையறுக்கப்பட்ட சொல்தான். ஆயினும் அது ஒயின் எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதைத்தான் கூறுமே தவிர, அதைத் தயாரித்தவர் சிறியவரா பெரியவரா என்பதைக் கூறாது. நீங்கள் பார்க்க வேண்டியது, லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், புட்டியில் அடைத்தவர் யார் என்ற வரியை.

ஜெர்மன் புட்டியில் ‘குட்ஸ்அப்ஃபியூலுங்’ என்றிருந்தால், அந்தத் தோட்டத்தார் தாமே பயிரிட்ட திராட்சையிலிருந்து தாமே தயாரித்து அடைத்தது என்று பொருள். ‘எர்ட்சொய்கர்அப்ஃபியூலுங்’ என்ற சொல்லைக் கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்தலாம். கூட்டுறவு ஒயின் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தேடுவது அதுவல்ல, அவ்வளவுதான். பிரெஞ்சுப் புட்டியில் ‘மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்’ என்ற வரியைத் தேடுங்கள். மூடியின் மேலுறையில் ஒருவர் பீப்பாயைத் தோளில் சுமந்து செல்லும் சின்னம் இருந்தால், அவர் ‘வின்யெரோன் அந்தேபாந்தான்’ என்ற தனித் தோட்டக்காரர் அமைப்பின் உறுப்பினர் என்று அறியலாம். ஷாம்பெயினில் இது இன்னும் எளிது. லேபிளில் ஓர் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் தயாரித்தவரே பயிரிட்டவர், ‘என்.எம்.’ என்றிருந்தால் அவர் வெளியிலிருந்தும் திராட்சை வாங்கித் தயாரிப்பவர், பெரிய பெயர்களில் பெரும்பாலானவை இந்த வகையே. ஆனால் நல்ல ஆர்.எம். ஷாம்பெயின் பெரும்பாலும் உங்கள் விலைக்குள் அடங்காது.

விலைதான் இங்கே பெரிய கட்டுப்பாடு. கையால் பறித்தல், திராட்சைத் தோலில் தானாக இருக்கும் ஈஸ்ட்டை நம்பி நொதிக்க விடுதல், அவசரமின்றி முதிர விடுதல் ஆகிய எல்லாமே செலவு பிடிப்பவை. பிரான்சின் பர்கண்டி, இத்தாலியின் பரோலோ போன்ற புகழ்பெற்ற பகுதிகளில் அந்தச் செலவோடு நிலத்தின் விலையும் பெயரின் விலையும் சேர்ந்துவிடுகின்றன. அங்கே 25 யூரோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒரு வணிகரின் கலவையாகவே இருக்கும். ஆகவே பெயர் மங்கிய ஊர்களின் சிறந்த தயாரிப்பாளர்களைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் முஸ்கதே. பிரான்சின் லுவார் ஆறு கடலில் கலக்கும் பகுதியில், நான்த் நகரைச் சுற்றி விளையும் வெள்ளை ஒயின் இது. 1709ஆம் ஆண்டின் கொடும்பனியில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போன பின், குளிரைத் தாங்கும் மெலோன் த பூர்கோன் என்ற திராட்சை அங்கே வேரூன்றியது. இதில் ‘சுர் லீ’ என்று எழுதியதையே வாங்குங்கள்: நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுவதும் கிடந்து, அதிலிருந்து நேராகப் புட்டிக்குப் போனது என்பது அதன் பொருள். அந்த வண்டல்தான் இந்த மெலிந்த ஒயினுக்குச் சற்றே சதைப்பற்றைத் தருகிறது. பெரும்பாலும் இயந்திரம் பறிக்கும் இந்தப் பகுதியில், தொமேன் த லா பெப்பியேர் என்ற தோட்டம் கையால் பறிக்கிறது. அவர்களுடைய சாதாரணப் புட்டியே போதுமானது; கிளிசோன் என்ற ஊர்ப் பெயருடன் வரும் புட்டி கருங்கல் நிலத்தில் விளைந்து, வண்டலின் மேல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்தது. மீனுக்கும் இறாலுக்கும் இந்த விலையில் இதைவிட நேர்மையான வெள்ளை ஒயின் எனக்குத் தெரியவில்லை.

சிவப்புக்குப் பிரான்சின் போஜோலே பகுதி. நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் ‘நூவோ’ என்ற இளம் ஒயின் இந்தப் பகுதியின் பெயரையே கெடுத்துவிட்டது. அந்தக் கெட்ட பெயரால்தான் நல்ல புட்டிகளும் இன்னும் கைக்கெட்டும் விலையில் இருக்கின்றன. இங்கே ‘க்ரூ’ எனப்படும் பத்து ஊர்ப் பெயர்களில் ஒன்று லேபிளில் இருக்கட்டும். அவற்றில் ஒன்றான மோர்கோனில் மர்செல் லாபியேர் என்ற தயாரிப்பாளர், வேதியியலாளர் ஜூல் ஷோவேயின் வழிகாட்டுதலில், 1980களின் தொடக்கத்திலிருந்து செயற்கை ஈஸ்ட்டும் கந்தகமும் தவிர்த்த பழைய முறைக்குத் திரும்பினார். 2010இல் அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் தொடர்கிறார்கள். அந்தப் புட்டி இன்று உங்கள் வரம்பைத் தொடும் அல்லது தாண்டும். அதனால் இன்னொரு க்ரூவான கோத் த ப்ரூயீயில் 1877 முதல் ஒரே குடும்பத்திடம் உள்ள ஷாத்தோ திவேன் என்ற தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். எந்தப் போஜோலேயையும் அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஏறத்தாழ 14 டிகிரியில் அருந்துங்கள்; அறைச் சூட்டில் அது சுவை தளர்ந்துவிடும்.

காரச் சாப்பாட்டுக்கு நீங்கள் பிரான்ஸ் வரை போகவே வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் காரத்தோடு மோதும். குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, அதை ஈடுகட்டும் கூர்மையான புளிப்பு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தது, ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ‘கபினெட்’ என்ற லேசான வகை. பல புட்டிகளில் ஆல்கஹால் 8 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இயந்திரம் ஏற முடியாத செங்குத்தான பலகைப்பாறைச் சரிவுகளில் விளைவதால், அங்கே வேலையில் பெரும்பகுதியைக் கையால்தான் செய்ய வேண்டும். கிராக் ஊரின் வில்லி ஷேஃபர் என்ற தோட்டம் ஏறத்தாழ 4 ஹெக்டேர் மட்டுமே; அதன் புட்டிகள் விரைவில் தீர்ந்துவிடும். சார் கிளையாற்றுப் பகுதியின் ஹோஃப்குட் ஃபால்கென்ஷ்டைன் என்ற தோட்டம், ஆயிரம் லிட்டர் கொள்ளும் ‘ஃபூடர்’ என்ற பழைய ஓக் பீப்பாய்களில் ஒயினைத் தானாக நொதிக்க விட்டு, பீப்பாய் பீப்பாயாகத் தனித்தனியே புட்டியில் அடைக்கிறது. லேபிளில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் அதில் இனிப்பு ஏறக்குறைய இராது. கோழிக் குழம்புக்கு அதை எடுக்க வேண்டாம்.

இவை பேரங்காடியில் அரிதாகவே கிடைக்கும். தனி ஒயின் கடையில் விசாரியுங்கள், அல்லது தோட்டத்துக்கே எழுதுங்கள். பல ஜெர்மன் தோட்டங்கள் வீட்டுக்கே அனுப்பும். பிரெஞ்சு ஒயின்களுக்கு உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முன்னே சொன்ன பீப்பாய்ச் சின்னத்தாரின் சந்தை, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் எளிதில் போய்த் திரும்பக்கூடிய ஸ்ட்ராஸ்பூரில் குளிர்காலத்தில் கூடுகிறது. அங்கே தயாரித்தவரே ஊற்றித் தருவார். கையால் பறித்ததா, ஈஸ்ட் சேர்த்ததா என்று அவரிடமே கேட்டு, சுவைத்துப் பார்த்து வாங்கலாம்.