கூப்பிட்டால் பதில் வரவில்லை: 5 வாட்டும் மூன்றாம் மாடி வாடகை வீடும்

ஹாம் ரேடியோ, அதாவது லைசன்ஸ் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்வது பற்றி மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "ஜெனரல் கிரேடு லைசன்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கிட் வாங்கி நானே சால்டர் வைத்துச் செய்த 5 வாட் மோர்ஸ் செட், 40 மீட்டர், 20 மீட்டர் அலைவரிசைகள் உண்டு. பால்கனி கிரில் ஓரமாக ஆன்டெனாக் கம்பி ஓட்டியிருக்கிறேன். ராத்திரி வீட்டு வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்தால் செட் முழுக்க இரைச்சல். கூப்பிட்டுக் கூப்பிட்டு இதுவரை மூன்றே பேர் கிடைத்திருக்கிறார்கள். நான் கீ அடிக்கும்போது ஹாலில் டிவி ஸ்பீக்கர் 'டப் டப்' என்கிறது, மனைவிக்குக் கோபம் வருகிறது. எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். 100 வாட் செட் வாங்கிவிடலாமா, இல்லை இந்த வீட்டில் இது சரிப்படாது என்று விட்டுவிடலாமா?"

இரண்டும் வேண்டாம். 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 13 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் ரிசீவர் மீட்டரில் ஒரு எஸ் அளவு என்பது 6 டெசிபல் என்பதால், கேட்பவருக்கு அது இரண்டு எஸ் சொச்சம்தான். 100 வாட்டில் எஸ்-7 என்று கேட்கிற சிக்னல் 5 வாட்டில் எஸ்-5க்குச் சற்றுக் கீழே கேட்கும். மோர்ஸுக்கு அது தாராளம். ஆனால் உங்கள் பக்கம் எஸ்-8 அளவுக்கு இரைச்சல் நின்றால், எதிராளி எஸ்-6இல் பதில் சொன்னாலும் உங்கள் காதுக்கு எட்டாது. உங்களுக்குப் பதில் சொன்னவர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 100 வாட் வாங்கினால் உங்களைக் கேட்பவர்கள் கூடுவார்கள், நீங்கள் கேட்பது கூடாது. ஹாலில் கேட்கும் 'டப் டப்' மட்டும் இன்னும் பெரிதாகும்.

முதலில் கோளாறு அனுப்புவதிலா, கேட்பதிலா என்று பாருங்கள். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு. உலகம் முழுக்கப் பல ஹாம்கள் தங்கள் ரிசீவரைக் கணினியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். அது மோர்ஸில் வரும் சிக்யூ ("யாராவது பதில் சொல்லுங்கள்") அழைப்புகளைத் தானாகவே படித்து, யாருடைய அழைப்பு, எந்த அலைவரிசை, எத்தனை டெசிபல் என்று உடனே இணையத்தில் போட்டுவிடும். சிக்யூவையும் உங்கள் கால் சைனையும் (லைசன்ஸோடு தரப்படும் அடையாள எழுத்துகள்) நிதானமாக, எழுத்துக்கு எழுத்து ஒரே சீராக நான்கைந்து முறை அடியுங்கள். பிறகு அந்தத் தளத்தில் உங்கள் கால் சைனைத் தேடுங்கள். மாலையில் 20 மீட்டரில் அடித்தால் ஐரோப்பாவிலோ கிழக்காசியாவிலோ ஏதாவது ஒரு நிலையம் பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிடித்திருந்தால் உங்கள் 5 வாட் போய்ச் சேர்கிறது, கோளாறு வீட்டுக்குள்தான். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரங்களில் முயன்றும் ஒன்றுகூட வரவில்லை என்றால் அந்தப் பால்கனிக் கம்பிதான் காரணம்.

இரைச்சலைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். பழைய யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இருந்தாலே சரி. 5 வாட் செட் அனுப்பும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் இழுக்கும். வீட்டில் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், அதுவே பெரிய இரைச்சல் மூலம். இரைச்சல் பொத்தென்று விழுந்தால் கள்வன் உள்ளே இருக்கிறான். எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். அறைக்குள் எந்தப் பொருள் என்று பிடிக்க பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பிளக்கின் அருகிலும் கொண்டுபோங்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மீட்டர் எப்போதும் எஸ்-8இல் நிற்கும். ரௌட்டர், லேப்டாப் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு பூஜை அறை வாசலைத் தாண்டினேன், காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். சாமி படத்தைச் சுற்றிப் போட்டிருந்த எல்இடி மாலை. அதன் அடாப்டர் தீப்பெட்டி அளவுகூட இருக்காது, 24 மணி நேரமும் எரிவது. பிடுங்கினேன், மீட்டர் எஸ்-4க்கு இறங்கியது. 24 டெசிபல்! விளக்கை எடுக்க வீட்டில் சம்மதம் இல்லை, அது நியாயமும்கூட. உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர் வைத்த, கனமான பழைய வகை அடாப்டர் ஒன்றை அதே வோல்ட்டில் தேடிப் போட்டேன். மாலை இன்றும் எரிகிறது, இரைச்சல் இல்லை. கைக்கு லேசாக இருக்கிற மலிவு அடாப்டர் எதையும் இதனால்தான் முதலில் சந்தேகப்படச் சொல்கிறேன். உள்ளே வடிகட்டி வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

மாற்ற முடியாத சார்ஜர் என்றால் அதன் ஒயரை ஒரு ஃபெரைட் (ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்துக்குள் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். 31 வகை ஃபெரைட் இந்த அலைவரிசைகளுக்கு நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பை ஒன்றும் செய்ய முடியாது. அது ஓடும்போது நீங்கள் செட்டில் உட்காராமல் இருப்பதுதான் வழி. அந்த நேரத்தில் சமையலறையில் கூட ஒரு கை கொடுக்கலாம்.

மெயினை அணைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது தெருவிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுக்க கரண்டை நிறுத்துமே, அந்த நாளை விட்டுவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் சில இன்வெர்ட்டர்கள் ஓடும், இருந்தாலும் தெருவே அடங்கியிருக்கும். பேட்டரியோடு மாடிக்குப் போய் 40 மீட்டரைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் இடத்தில் அலைகள் உண்மையில் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத் தெரியும்.

அடுத்து கம்பி. கிரில்லின் இரும்பு ஓரமாக ஓடும் கம்பி, பாதி சக்தியைக் கிரில்லுக்கே கொடுத்துவிட்டு வீட்டின் இரைச்சலை அள்ளி வரும். ஸ்பீக்கர் 'டப் டப்' என்பதும் பெரும்பாலும் இதனால்தான். கம்பி வீட்டு ஒயரிங்கை ஒட்டியே கிடக்கிறது, செட்டையும் கம்பியையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புற உறையிலும் ரேடியோ அலை திரும்பி உள்ளே வருகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். நிரந்தரமாக எதையும் நட வேண்டியதில்லை, மாலையில் கட்டி முடிந்ததும் சுருட்டுகிற கம்பி என்று சொன்னால் சம்மதிப்பார்கள். 20 மீட்டர் நீளம், மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒயர். மாடிப்படி அறையின் உச்சியிலிருந்து தண்ணீர்த் தொட்டித் தூண் வரை நைலான் கயிற்றில் இழுத்து, இடம் போதாவிட்டால் நடுவில் மடக்கிக் கட்டலாம். ஒரு முனையில் கம்பியைக் கோஆக்ஸோடு பொருத்த 49க்கு 1 டிரான்ஸ்பார்மர், அதில் 2 மீட்டர் எதிர்க்கம்பி, அங்கிருந்து கோஆக்ஸ். இந்த ஒரே கம்பி 40 மீட்டரிலும் 20 மீட்டரிலும் வேலை செய்யும். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதையே ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். 'டப் டப்' இதோடு நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் ஸ்பீக்கர் ஒயரிலும் ஒரு வளையம்.

துணி காயப்போடும் இடத்தில் கழுத்து உயரத்தில் கம்பி ஓடக் கூடாது. கம்பி அறுந்து விழுந்தாலும் மின்வாரியக் கம்பிகளுக்கு எட்டாத திசையாகப் பார்த்துக் கட்டுங்கள். இன்னொன்று, 5 வாட்தானே என்று நினைக்காதீர்கள். இந்த வகைக் கம்பியின் முனைகளில் 5 வாட்டிலேயே 100 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சின்னவன் கைக்கு முனை எட்டக் கூடாது.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊரில் எல்லா விளக்கும் எல்லா சார்ஜரும் ஓடும், நீங்களும் களைத்திருப்பீர்கள். காலை ஆறிலிருந்து ஏழரை வரை 40 மீட்டரில் தென்னிந்தியாவும் இலங்கையும் நன்றாக வரும், வீடும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஐரோப்பா வேண்டும் என்றால் மாலை ஐந்துக்கு மேல் 20 மீட்டர். வாரத்தில் இரண்டு காலை, ஒரு மாலை என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு உட்கார்கிற அரை மணி நேரத்துக்கு யாரும் கோபப்படுவதில்லை. இயர்போனை ஒரு காதில் மட்டும் வையுங்கள், மற்றொன்று வீட்டுக்கு.

பிறகு ஆர்வம் வளர்ந்தால் விஸ்பர் என்று சொல்லப்படும் டபிள்யூஎஸ்பிஆர் முறையைப் பாருங்கள். 1993இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்டது. ஒரு செய்தி அனுப்ப கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், சக்தி 200 மில்லிவாட் போதும், சிறிய டிரான்ஸ்மிட்டர் கிட்டாகவும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சிக்னல் எங்கெல்லாம் கேட்கிறது என்று வரைபடத்தில் புள்ளிகள் விழும். நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள், லைசன்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்த ஊர்களை நோட்டில் எழுதி வைக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். லைசன்ஸ் தேர்வுக்கு 12 வயது ஆக வேண்டும், வரைபடம் பார்க்க வயது வேண்டாம்.

சால்டரிங் வேலை சாப்பாட்டு மேசையில் கூடவே கூடாது. ஈயம் கலந்த சால்டர் துணுக்குகள் தரையில் விழும், மூன்று வயதுக் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். ஜன்னல் ஓரம் ஒரு பழைய தட்டு வைத்து அதற்குள் வேலை பாருங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் கை கழுவுங்கள்.

ஐப்பசி மழையில் இடி தொலைவில் உறுமத் தொடங்கியதுமே கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மாடிக்கு ஓடிப் போய்க் கம்பியைச் சுருட்டுகிற வேலை அப்போது வேண்டாம், வானம் தெளிந்த பிறகு போனால் போதும்.