அன்றைக்குப் பயந்தது யார்?

அன்புள்ள ஐயா,

சுனாமி வந்தபோது எனக்கு 14 வயது. நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே வீடு. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பெரிதாகப் பயந்ததாக நினைவில்லை, வேடிக்கை பார்க்கும் ஆர்வம்தான் இருந்தது. அம்மாவோ, "மாசக்கணக்கா ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டே" என்கிறார். ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் இதே சண்டை. யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேரையும் நான் முழுசாக நம்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே வில்லியம் ஹர்ஸ்ட், எலிசபெத் பெல்ப்ஸ் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் எழுதி வாங்கினார்கள். செய்தியை எங்கே இருந்தபோது கேட்டீர்கள், யார் சொன்னார்கள், மனம் எப்படி இருந்தது என்று. 11 மாதம் கழித்தும் 35 மாதம் கழித்தும் அதே கேள்விகள். இடமும் ஆளும் ஓரளவு தேறின. அதிகம் பிசகியது மனம் எப்படி இருந்தது என்பதுதான். இன்றைக்கு எப்படித் தோன்றுகிறதோ, அன்றைக்கும் அப்படித்தான் இருந்ததாக எழுதினார்கள்.

உங்களுக்கு அதன்பிறகு பிளஸ் டூ, கல்லூரி, வேலை என்று எவ்வளவோ வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் பயம் இப்போது சின்னதாகத்தான் தெரியும். அம்மாவுக்கு அப்படியில்லை. பிள்ளை அன்று கடற்கரைப் பக்கம் போயிருந்தால் என்ற நினைப்பு அவருக்கு வருஷா வருஷம் புதிதாக வரும்.

இன்னொன்று. டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கிறதா? வதந்தியைவிட மோசம் அது, அரசாங்கமே சொன்னது. கடலோரம் மொத்தமும் ஓடியது, அலை வரவில்லை. 26-ஆம் தேதி ஞாயிறு காலை பலருக்கு என்னவென்றே புரியவில்லை. 30-ஆம் தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் 26-ஐச் சொல்ல, அம்மா 30-க்குப் பிந்தைய ராத்திரிகளைச் சொல்கிறாரோ என்னவோ. அப்போது எழுதிய டைரியோ கடிதமோ இருந்தால் தேடிப் பாருங்கள், அதை வேண்டுமானால் நம்பலாம்.

அப்புறம் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் பயந்தீர்களா என்றுதான் இருவரும் வாதாடுகிறீர்கள். அம்மா பயந்தாரா என்று ஒரு வரிகூட இல்லை. அந்த லைட்டை எரியவிட்டது யார் என்று இந்த டிசம்பரில் கேட்டுப் பாருங்கள்.