ஆடாத பிள்ளைக்கு ஜிம்மில் என்ன வேலை?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் டிரம்பெட் வாசிக்கிறான். குளிர்காலம் வந்தால், கூட்டத்தை உற்சாகப்படுத்த வாசிக்கும் 'பெப் பேண்ட்' என்று சொல்லிக்கொண்டு பள்ளி பாஸ்கெட்பால் மேட்சுக்கெல்லாம் போய்விடுகிறான். ஆட்டமும் ஆடுவதில்லை, ஒழுங்கான கச்சேரியும் இல்லை. துண்டு துண்டாக எதையோ ஊதிவிட்டு, ராத்திரி களைத்துப்போய் வருகிறான். காலேஜ் விண்ணப்பத்துக்காவது இது உதவுமா? நிறுத்தச் சொல்லலாமா? – ஒரு வாசகி

பதில்: நிறுத்தச் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக எந்தப் பிள்ளையும் ஊத வேண்டாம்.

'துண்டு துண்டாக' என்று அலுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், வித்தையே அதில்தான் இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி பாஸ்கெட்பால் விதிப்படி, ஆட்டம் நடக்கும்போது வாத்தியம் வாசிக்கக் கூடாது. டைம் அவுட் (பயிற்சியாளர் கேட்டு ஆட்டத்தைச் சற்று நிறுத்துவது), இடைவேளை, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் என்று கிடைக்கும் சந்தில்தான் வாசிக்க வேண்டும். ஒரு டைம் அவுட் 60 வினாடி. சிலது 30 தான். பயிற்சியாளர் கேட்ட மாத்திரத்தில் பேண்ட் மாஸ்டர் கையைத் தூக்குவார், மொத்தப் பேரும் ஒரே பாட்டில் இறங்கியாக வேண்டும். நேரம் முடிந்ததென்று ஹார்ன் அடித்தால் பல்லவி பாதியில் நின்றாலும் வெட்டிவிட வேண்டும். நம் கல்யாணங்களில் நாதஸ்வரக்காரர் எந்த ராகத்தில் திளைத்தாலும் ஒரு கண் மணமேடை மேலேயே இருக்கும், யாராவது விரலை ஆட்டினால் உடனே கெட்டிமேளம். உங்கள் மகன் பார்ப்பது அந்த வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்தால் இது வராது.

பேண்ட் வாசித்தால் அணி ஜெயிக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் சொந்த ஊர் அணி 15 புள்ளி பின்தங்கி, கூட்டம் போனை நோண்ட ஆரம்பிக்கும் நேரத்தில் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்பார். அந்த ஒரு நிமிஷத்தை நிரப்ப ஜிம்மில் வேறு யார் இருக்கிறார்கள்?

2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் கல்லூரிகளுக்கான தேசிய பாஸ்கெட்பால் போட்டி நடந்தது. யேல் பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறையில் இருந்ததால் அவர்களுடைய பேண்ட் வர முடியவில்லை. அக்கம்பக்கத்து மாநிலத்து ஐடஹோ பல்கலைக்கழகப் பிள்ளைகள் யேல் சட்டையை மாட்டிக்கொண்டு, யேல் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தார்கள். தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பள்ளிக்கு! யேல் 78–76 என்று ஆபர்ன் பல்கலைக்கழகத்தை வீழ்த்தியது. ஜெயித்தது ஆட்டக்காரர்கள்தான், சரி. ஆனால் பேண்ட் இல்லாமல் ஒரு அணியை அனுப்ப மனம் வரவில்லை, பாருங்கள்.

உங்கள் கவலை வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பேன். முதலில் காது. மூடிய ஜிம்முக்குள் டிரம்பெட், டிரம்செட், அதற்கு மேல் கூட்டத்தின் கூச்சல். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியாஷ் நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான். வாத்தியக்காரர்களுக்கென்றே விற்கும் இயர் பிளக் வாங்கிக் கொடுங்கள். சாதாரணப் பஞ்சு பிளக் போட்டால் சுருதி மங்கலாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிடுவான்.

அப்புறம், பேண்ட் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பெண்கள் அணியின் மேட்சுக்கும் வாசிக்கிறார்களா? கல்வியில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின்படி பள்ளிகளைச் சோதிக்கும்போது, பெப் பேண்ட் யாருக்கு வாசிக்கிறது என்பதையும் பார்ப்பதுண்டு.

ராத்திரிக் களைப்புக்கு வழி எளிது. மேட்ச் அட்டவணை முன்கூட்டியே கிடைக்கும், அந்த நாள்களில் வீட்டுப்பாடத்தை மதியமே முடிக்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு மேட்சுக்குப் போய்ப் பாருங்கள். பேண்டுக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிரம்செட் சத்தத்தில் பையனின் டிரம்பெட் காதில் விழாது.