‘எனக்குப் பிடிக்கும்’னு தமிழ்ல யோசி, ஸ்பானிஷ் வரும்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், காலேஜ் பாண்டிச்சேரில, ஃபர்ஸ்ட் இயர். லாங்குவேஜ் பேப்பருக்கு எல்லாரும் ஃப்ரெஞ்ச் எடுக்குறாங்களேன்னு நான் ஆசைப்பட்டு ஸ்பானிஷ் எடுத்தேன். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மிஸ் இங்கிலீஷ்ல விளக்குறாங்க, அது எனக்குப் புரியறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிடுறாங்க. கூட இருக்கிற பொண்ணுங்க ஸ்கூல்லயே ஃப்ரெஞ்ச் படிச்சவங்க, டக்குனு பிடிச்சுக்கிறாங்க. முதல் டெஸ்ட்ல 25க்கு 7. அப்பா, பாண்டில படிச்சுட்டு ஃப்ரெஞ்ச் எடுக்காம இது எதுக்குன்னு திட்டுறார். மாத்திக்கட்டுமா? பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.
— கடலூர் வாசகி

பதில்: மாத்தாதம்மா. உன் பேப்பரை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுதான் சொல்றேன். நீ மக்கு இல்ல, சுத்து வழில போய்ட்டு இருக்க, அவ்வளவுதான்.

அதுல மூணு இடத்துல சிவப்பு மை இருக்கு பாரு. காபி பிடிக்கும்கிறதுக்கு ‘யோ குஸ்தோ கஃபே’னு எழுதியிருக்க, பசிக்குதுங்கிறதுக்கு ‘யோ சோய் ஆம்ப்ரே’, 18 வயசுங்கிறதுக்கு ‘யோ சோய் தியெஸியோச்சோ’. மூணும் ஒரே தப்பு. ஐ லைக், ஐ ஆம் ஹங்க்ரி, ஐ ஆம் எய்ட்டீன்னு முதல்ல இங்கிலீஷுக்குப் போய், அங்கேர்ந்து ஒவ்வொரு வார்த்தையா ஸ்பானிஷ்ல மாத்தியிருக்க. நீ வீட்ல எப்படிப் பேசுவ? நான் காபியைப் பிடிக்கிறேன்னா சொல்லுவ, ‘எனக்கு காபி பிடிக்கும்’னுதானே சொல்லுவ. ஸ்பானிஷ்லயும் அச்சா அதேதான், ‘மே குஸ்தா எல் கஃபே’. மே-ன்னா எனக்கு. காபிதான் அங்க எழுவாய், நீ இல்ல. அதனாலதான் பொருள் ஒண்ணுக்கு மேல இருந்தா குஸ்தா போய் குஸ்தான் வரும், ‘மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்’. தலை வலிக்குதா, ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்குது, வார்த்தைக்கு வார்த்தை நம்ம வாக்கியம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க இந்த ஒரு பாடத்துல வாரக்கணக்குல தடுமாறுவாங்க. நானும் பாண்டிலதான் ஸ்பானிஷ் படிச்சேன், எனக்கு இதை யாரும் இப்படி சொல்லித் தரல, ரெண்டாவது செமஸ்டர்லதான் புரிஞ்சுது, அந்த ஆதங்கத்துலதான் உனக்கு இவ்வளவு விவரமா எழுதுறேன்.

பசியும் வயசும் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, ‘தெங்கோ ஆம்ப்ரே’ன்னா என்கிட்ட பசி இருக்கு, ‘தெங்கோ தியெஸியோச்சோ ஆஞோஸ்’னா என்கிட்ட 18 வருஷம் இருக்கு. ஆனா இங்கயும் ‘நான் 18’ங்கிற இங்கிலீஷ் அச்சு உதவாது பாத்தியா.

அடுத்தது செர், எஸ்தார், ரெண்டுமே இங்கிலீஷ்ல ‘பீ’தான், அதனால அங்கேர்ந்து வந்தா குழம்பும். தமிழ்ல கேட்டுப் பாரு. ‘நான் ஸ்டூடண்ட்’, ‘இது மேசை’ இதுக்கெல்லாம் நமக்கு வினையே வேணாம், அந்த இடத்துல ஸ்பானிஷ்ல செர் வரும், ‘சோய் எஸ்துதியாந்தே’. ‘நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்’, ‘டயர்டா இருக்கேன்’, இப்படி இருக்கேன் வந்தா பெரும்பாலும் எஸ்தார், ‘எஸ்தோய்’. எல்லா இடத்துலயும் இது செல்லாது, அவ உயரமா இருக்கான்னு நாம சொன்னாலும் அங்க செர்தான், ஏன்னா அது அவளோட குணம், நாளைக்கு மாறாது. அந்த மாதிரி வர்றதை மட்டும் தனியா ஒரு பக்கத்துல எழுதி வெச்சுக்கோ.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. தமிழ்ல படம் பார்த்தேன்னு சொல்லலாம், அம்மா பார்த்தேன்னு சொல்ல முடியுமா, ‘அம்மாவை’ப் பார்த்தேன்னு ஐ போட்டே ஆகணும். ஸ்பானிஷ்லயும் ஆளைப் பார்த்தா நடுவுல ஒரு ஆ வரணும், ‘வேயோ ஆ மி மாத்ரே’, படம்னா ஆ வேணாம், ‘வேயோ லா பெலிகுலா’. உங்க புக்குல இதுக்கு ஒரு பக்கம் ரூல் போட்டிருப்பாங்க, உனக்கு அது பொறந்ததுலேர்ந்து தெரியும்.

உச்சரிப்புக்கும் தமிழ்ல எழுதிக்கோ. ஸ்பானிஷ் த நம்ம த மாதிரி பல்லுல படறது, இங்கிலீஷ் ட இல்ல. ஞ அப்படியே இருக்கு, மஞானா. அமீகோல வர்ற கோ கூட ‘அகம்’ல வர்ற க மாதிரி மெதுவானதுதான். ஒரு ஜாக்கிரதை மட்டும், நம்ம எழுத்துல அழுத்தமான த, மென்மையான த ரெண்டுக்கும் ஒரே எழுத்து, ‘தோஸ்’னு எழுதினா அது ரெண்டா இருமலானு தெரியாது, ஸ்பானிஷ்ல ரெண்டுமே இருக்கு, அதனால மென்மையா வர்றதுக்கு அடில ஒரு கோடு போட்டுக்கோ. பெரோன்னா ‘ஆனால்’, பெர்ரோன்னா ‘நாய்’, அந்த ர்ர் வரலைன்னா சின்னப் பசங்க வண்டி ஓட்டுறாப்ல டுர்ர்ர்னு தினமும் பண்ணு, வந்துடும்.

தமிழ் கைவிடற இடம் ஆண்பால் பெண்பால். மேசைக்கு ஏது பால் நமக்கு? அதனால மேஸான்னு தனியா மனப்பாடம் பண்ணாத, லா மேஸான்னு சேர்த்தே சொல்லு. எல் அர்மாரியோ, லா யாவே, லா தோவாயா. சொல்லும்போதே தெரியுதா, மேசை, அலமாரி, சாவி, துவாலை, போர்ச்சுகீசியர் வழியா நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்த வார்த்தைங்க, போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி. வெள்ளை வீடுங்கிறதை அவங்க வீடு வெள்ளைன்னு திருப்பி சொல்லுவாங்க, அது பழகினா சரியாகிடும். இந்த ரெண்டுலயும் ஃப்ரெஞ்ச் படிச்ச பொண்ணுங்க உன்னைவிட முன்னாடி இருப்பாங்க, ஃப்ரெஞ்சும் ஸ்பானிஷும் லத்தீன்லேர்ந்து வந்த மொழி ஆச்சே. பக்கத்துல உக்காந்து கேளு, பதிலுக்கு நீ குஸ்தாவை சொல்லிக் கொடு.

அப்பா கேக்குறதுலயும் நியாயம் இருக்கும்மா. பாண்டில ஃப்ரெஞ்சுக்கு மதிப்பு உண்டு, சொல்தா குடும்பங்கள்ல, அதாவது ஃப்ரெஞ்ச் பட்டாளத்துல இருந்தவங்க வீடுகள்ல, பென்ஷன், பேப்பர் எல்லாமே அந்த மொழிலதான். ஸ்பானிஷ் 20 நாட்டுல ஆட்சி மொழி, ஐ.நா.வோட ஆறு மொழில ஒண்ணுன்னு அவர்கிட்ட சொல்லு, ஆனா ஒரு செமஸ்டர் படிச்சா வேலைன்னு மட்டும் சொல்லிடாத, அது பொய். வேலைக்குன்னா இன்னும் பல வருஷம் படிக்கணும். தேலேன்னு ஒரு பரீட்சை இருக்கு, ஏ1லேர்ந்து சி2 வரைக்கும் ஆறு படி, நீ இப்போ ஏ1 வாசல்ல நிக்கிற.

தினமும் பஸ்ல வர்றியே, முள்ளோடைலேர்ந்து அரியாங்குப்பம் வரைக்கும் போனை உள்ள வெச்சுட்டு ஒரே ஒரு வினையை எடுத்து முடிவை மட்டும் மாத்தி மாத்தி சொல்லிட்டே வா. ஆப்லோ பேசுறேன், ஆப்லாஸ் பேசுற, ஆப்லா பேசுறான், ஆப்லாமோஸ் பேசுறோம், ஆப்லான் பேசுறாங்க. யோ சேக்க வேண்டியதில்ல, பேசுறேன்லயே நான் இருக்கிற மாதிரி ஆப்லோலயே யோ இருக்கு.

அந்த 7 மார்க் பேப்பரைத் தூக்கிப் போட்டுடாத. மூணு இடத்தையும் உன் கையாலயே திருத்தி மிஸ்கிட்ட கொண்டு போய்க் காட்டு, கொஞ்சம் மெதுவா நடத்த முடியுமான்னும் கேளு. பேசும்போது தூ வேணாம், அது நீ. உஸ்தெத்னு சொல்லு, நீங்க.