பல பாணிகளிலிருந்து எடுத்துக்கொண்டால் தனித்தன்மை போய்விடுமா?

ஒரே சம்பிரதாயத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பல இடங்களிலிருந்து எடுப்பவருக்குச் சொந்தமாக என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். கர்நாடக இசையில் ஏராளமான கிருதிகளை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரைப் (1775–1835) பாருங்கள்.

திருவாரூரில் பிறந்தவர், இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே கேட்ட துருபத் என்ற பழைய இந்துஸ்தானிப் பாடல் முறையின் நிதானம் அவருடைய விளம்ப கால (மெதுவான நடை) கிருதிகளில் தெரிகிறது. ஜெய்ஜெய்வந்தி என்ற இந்துஸ்தானி ராகம் அவரிடம் துவிஜாவந்தி ஆயிற்று. சென்னைப் பக்கம் இருந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாளைப் பாடியிருக்கிறார்! (தம்பி பாலுசுவாமி வயலினையே கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். வீட்டுக் காற்றே அப்படி.)

ஆனால் எடுத்ததையெல்லாம் அவர் ஒரே பானையில் கொட்டிக் கிளறவில்லை. நோட்டுஸ்வரத்தில் கமகம் (ஸ்வரங்களை அசைத்துப் பாடும் அலங்காரம்) சேர்க்காமல் அந்த மெட்டை அதன் இயல்பிலேயே விட்டார். திருவாரூர்க் கமலாம்பாள் மேல் பாடிய கிருதித் தொகுதியான கமலாம்பா நவாவரணத்திலோ மேற்கின் சாயலே கிடையாது. ராகங்களை வகைப்படுத்த, பழைய இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகி வழிவந்த அசம்பூர்ண மேளப் பகுப்பையே (ஏழு ஸ்வரமும் வரிசையாக வராத ராகத்தையும் தாய் ராகமாக ஏற்கும் முறை) இறுதிவரை பின்பற்றினார். இதில் அவர் பிடிவாதக்காரர் என்றே சொல்வேன்.

எதை எங்கே வைப்பது என்ற அந்தத் தேர்வுதான் அவருடைய சொந்தச் சொத்து. அது இல்லாதவர் ஒரே குருவிடம் நாற்பது வருடம் இருந்தாலும் நகல்தான் எடுப்பார்.