மனைவி பெயரில் உள்ள வீட்டை விற்றுப் பெரிய வீடு வாங்குகிறோம்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: எனக்கு 40 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிடித்தம் போக இருவருக்குமாக மாதம் 1.45 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு பிள்ளைகள். அப்பா, அம்மாவும் எங்களோடு வந்துவிட்டதால் இரண்டு படுக்கையறை வீடு போதவில்லை. அது 2012-13-ல் பத்திரச் செலவு உட்பட 38 லட்சத்துக்கு மனைவி பெயரில் வாங்கியது. கடனும் அவர் பெயரில்தான், அவர் சம்பளத்தில்தான் தவணை போகிறது. இன்னும் 14 லட்சம் பாக்கி, மாதத் தவணை 22,000. இப்போது ஒருவர் 92 லட்சத்துக்குக் கேட்கிறார், 2026 மார்ச்சுக்குள் கிரையம் முடிக்கலாம் என்கிறார். நாங்கள் 1.35 கோடிக்கு மூன்று படுக்கையறை உள்ள தனி வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். அதன் உரிமையாளர் 15 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். எங்கள் சேமிப்பு 9 லட்சம். வீடு கைநழுவிவிடக் கூடாதே என்று அதை முதலில் பிடித்துப் போடலாமா? 92 லட்சத்தில் 20 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டால் வரி மிச்சமாகும் என்கிறார் புரோக்கர். புது வீடு என் பெயரில் இருந்தால் கடன் சுலபம் என்கிறார்கள் வங்கியில். என்ன செய்வது? (தமிழ்நாட்டு வாசகர்)

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்கான கிரைய ஒப்பந்தம். அதில் வாங்குபவர் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகுதான் புது வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சிலருக்கு வாங்கிவிட்டு விற்பது ஒத்துவரும். உங்களுக்கு ஒத்துவராது. ஏனென்று பாருங்கள்.

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 1.35 கோடிக்கு அது 1.01 கோடி. மீதி 34 லட்சம் உங்கள் கைப்பணம். முத்திரைத்தாள், பதிவுச் செலவை அந்த மதிப்பில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். எனவே அதுவும் உங்கள் கையிலிருந்துதான். மொத்தம் 50 லட்சம் தேவைப்படும் இடத்தில் உங்களிடம் இருப்பது 9 லட்சம். தவணையைப் பார்த்தால், 1.01 கோடிக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 87,900. பழைய கடனின் 22,000-ஐயும் சேர்த்தால் வருமானத்தில் நான்கில் மூன்று பங்கு போய்விடும். எந்த வங்கியும் இதற்குச் சம்மதிக்காது. இடைக்காலத்துக்கென்று பிரிட்ஜ் லோன் தரும் நிறுவனங்கள் உண்டுதான். வட்டி கூடுதல், குறுகிய கெடு. விற்பனை இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். விற்பவர் அவசரத்தில் இருப்பது தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைக்காமல் விடமாட்டார்.

அடுத்து, 92 லட்சத்தை உங்கள் பணம் என்று நினைக்காதீர்கள். தரகு 1 சதவீதம் என்று வைத்தால் 92,000 போகும். கடன் பாக்கி 14 லட்சம் போகும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருப்பதால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவரின் வரிக்காக முன்கூட்டியே எடுக்கும் தொகை) பிடித்தம் செய்வார், அது இன்னொரு 92,000. (மனைவியின் பான் கணக்கில் ஏறும். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் புது வீட்டின் கிரைய நாளன்று கையில் இருக்காது. அவருடைய பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலற்றுக் கிடந்தால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். இதை இன்றே சரிபாருங்கள்.) கையில் நிற்பது 76.16 லட்சம்.

புது வீட்டின் உண்மையான விலையும் 1.35 கோடி அல்ல. தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரையம் செய்ய முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடுவார்கள். 12.15 லட்சம் இதற்கே. தரகு 1.35 லட்சம். வக்கீல், சாமான் ஏற்றி இறக்குவது, பெயின்ட், அலமாரி என்று 3 லட்சம். மொத்தம் 151.5 லட்சம்.

சேமிப்பில் 5 லட்சத்தை அவசரத் தேவைக்கென்று தொடாமல் விடுங்கள். வயதான பெற்றோர் உள்ள வீடு. அப்படியானால் உங்கள் பங்கு 80.16 லட்சம், கடன் 71.3 லட்சம். 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 61,900, அதாவது வருமானத்தில் 43 சதவீதம். இன்று 8.5-க்குக் குறைவாகக் கிடைத்தாலும் மிதக்கும் வட்டி என்பதால் அந்த வீதத்தை வைத்தே பார்ப்பது நல்லது. வங்கி இதற்குக் கடன் கொடுத்துவிடும். எனக்குத்தான் இது சற்று அதிகமாகப் படுகிறது. 40 சதவீதத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். விலையில் 5 லட்சம் குறைத்துப் பேசினாலே போதும். 9 சதவீதப் பத்திரச் செலவும் தரகும் சேர்ந்து குறைவதால் உங்களுக்கு மிச்சம் 5.5 லட்சம். தவணை 57,000-ஐ ஒட்டி வந்துவிடும். 1.30 கோடிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இனி, இந்த மாதிரி விற்பனைகளில் அதிகம் சிக்கும் இடம்: மூலப்பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. உங்கள் வீட்டை வாங்குபவரும் பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார். அவருடைய வங்கி அசல் பத்திரத்தைப் பார்க்காமல் பணம் தராது. பணம் வராமல் உங்கள் கடன் தீராது. கடன் தீராமல் பத்திரம் வராது. இதை அவிழ்க்க இரண்டு வழி. வாங்குபவரின் வங்கி 14 லட்சத்துக்கு உங்கள் வங்கி பெயரில் நேரடியாகக் காசோலை தந்து பத்திரங்களை வாங்கிக்கொள்ளலாம். நடைமுறையில் உள்ளதுதான், ஆனால் இரண்டு வங்கிகளின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அதைவிட, அட்வான்ஸ் பணத்திலேயே கடனை அடைத்துவிடுவது சுத்தம். ஒப்பந்த நாளில் 5 லட்சம், அடுத்த 15 நாளில் 14 லட்சம் என்று அட்வான்ஸை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது தொகை மனைவியின் கடன் கணக்குக்கே நேராகப் போகும் என்றும் எழுதுங்கள். வாங்குபவருக்கும் அதில் நிம்மதி. 14 லட்சம் கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தால், வங்கியிடமிருந்து கடன் பாக்கிக் கடிதத்தையும் அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலையும் வாங்கிக் காட்டுங்கள். பாக்கிக் கடிதத்தில் எந்தத் தேதி வரைக்கான தொகை, தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்று இருக்கும். அந்தத் தேதியைத் தாண்டிக் கட்டினால் சில ஆயிரம் பாக்கி நின்று, கணக்கு மூடாமல் கிடக்கும்.

மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். கிரையத்துக்கு இரண்டு நாள் முன்பு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குபவரின் வக்கீல் நிறுத்திவைப்பது இதனால்தான்.

வரிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் இங்கே முக்கியம்: வீடு மனைவி பெயரில் இருக்கிறது. விற்பவர் அவர், லாபம் அவருடையது, வரிச் சலுகையும் அவருக்குத்தான். (கணவர் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய வீடு என்றால் லாபம் கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். உங்கள் மனைவி தன் சம்பளத்தில் வாங்கியதால் அந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் ஆடிட்டரைப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.)

தரகு போக 91.08 லட்சம். அதில் வாங்கிய விலை 38 லட்சத்தைக் கழித்தால் லாபம் 53.08 லட்சம், 12.5 சதவீத வரி 6.64 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவர்களுக்கு, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய கணக்கும் உண்டு; எது குறைவோ அதுவே வரி. இதற்கென்று அரசு அறிவிக்கும் குறியீட்டு எண் 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. எனவே 38 லட்சம் 71.44 லட்சமாகிறது, லாபம் 19.64 லட்சமாகச் சுருங்குகிறது, வரி 3.93 லட்சம். 4 சதவீத செஸ் சேர்த்து 4.09 லட்சம், சர்சார்ஜ் (வருமானம் மிக அதிகமானால் விதிக்கும் கூடுதல் வரி) வந்தால் அது தனி.

1961 வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி இந்த வரியும் இல்லாமல் போகும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, விற்ற நாளுக்கு ஓராண்டு முன்போ இரண்டாண்டு பின்போ இந்தியாவில் இன்னொரு வீடு வாங்கினால், அல்லது மூன்றாண்டுக்குள் கட்டினால், புது வீட்டில் போட்ட தொகை அளவுக்கு லாபத்துக்கு வரிவிலக்கு. புதிய வரிமுறையில் இருந்தாலும் இது உண்டு. இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டை வாங்குபவர் விற்றவராக இருக்க வேண்டும். வங்கி சொல்வதுபோல் புது வீட்டை உங்கள் பெயரில் மட்டும் வாங்கினால், கையில் இருக்கும் சலுகையை விட்டுவிட்டு 4 லட்சத்துக்கு மேல் வரி கட்டுவீர்கள்.

அதற்காக முழுவதும் மனைவி பெயரில் வாங்க வேண்டியதில்லை. இருவர் பெயரிலும் சரிபாதி என்று பத்திரத்திலேயே பங்கைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பத்திரச் செலவு, தரகு சேர்த்து அவர் பாதி 74.25 லட்சம், அவர் லாபமோ 53 லட்சம்தான். முழு விலக்கும் கிடைத்துவிடும். கணக்கும் அழகாகப் பொருந்துகிறது: அவருக்குக் கிடைக்கும் 76 லட்சம் அவர் பாதிக்குப் போகிறது, உங்கள் பாதிக்கு நீங்கள் வாங்கும் கடன். கடனுக்கு அவர் இணைக் கடன்தாரராகச் சேர்ந்தால் வங்கிக்கும் ஆட்சேபம் இருக்காது. அவர் பணம் அவர் கணக்கிலிருந்தே புது வீட்டு உரிமையாளருக்குப் போகட்டும். உங்கள் கணக்குக்கு மாற்றிப் பிறகு கொடுத்தால் பின்னாளில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச்சில் விற்று ஏப்ரலில் வாங்கினால் நிதியாண்டு மாறிவிடுமே என்ற கவலை வேண்டாம். 2026 ஜூலை 31-க்குள், படிவம் தாக்கல் செய்யும் முன், புது வீட்டுப் பணம் போய்விட்டால் சரி. வாங்குவது அதற்குள் முடியாமல் போனால், அந்தத் தேதிக்குள் மீதத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்தால் சலுகை போய்விடும். புது வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றாலும் வாங்கிய சலுகை திரும்பப் போகும்.

புரோக்கர் சொன்ன 20 லட்சம் ரொக்கம்: வேண்டாம். மேலே பார்த்தபடி உங்களுக்கு வரியே வரப்போவதில்லை. பிறகு எந்த வரியை மிச்சம் பிடிக்கிறார்? மிச்சமாவது வாங்குபவரின் முத்திரைத் தீர்வை. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்கு ஈடான அபராதம் விற்பவருக்கு விதிக்கலாம். போதாக்குறைக்கு, அந்த ரொக்கத்தைப் புது வீட்டில் கணக்கோடு போட முடியாது. அந்த 20 லட்சத்துக்கும் கடன் வாங்கினால் மாதம் 17,360 கூடுதல் தவணை.

தேதிகளை இப்படிப் பொருத்துங்கள். உங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கு 90 நாள் கெடு, புது வீட்டு ஒப்பந்தத்துக்கு 120 நாள். நடுவில் உள்ள 30 நாள்தான் உங்கள் பாதுகாப்பு. அதற்காக விலையில் அரை லட்சம் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை. 15 லட்சம் அட்வான்ஸுக்குப் பதில் ஒப்பந்தத்தன்று 4 லட்சம், உங்கள் வீட்டுக் கிரையம் முடிந்ததும் 11 லட்சம் என்று பேசிப் பாருங்கள். சொத்துரிமையில் குறை இருந்தாலோ, வங்கி கடன் மறுத்தாலோ அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்ற ஷரத்து கட்டாயம். இரண்டு ஒப்பந்தங்களையும் பதிவு செய்யுங்கள்.

விற்ற வீட்டில் கிரையத்துக்குப் பிறகு சில வாரம் இருக்க வேண்டியிருக்கும். அதை வாய்ப்பேச்சாக விடாமல், இத்தனை நாள், இவ்வளவு வாடகை, சாவி கொடுக்கும்போது தருவதற்காக 2 லட்சம் வாங்குபவரிடமே நிறுத்திவைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பவும் சாமான் ஏற்றுவதைவிட இது மலிவு.

புது வீட்டை வாங்கும்போது டி.டி.எஸ். பிடிக்கும் கடமை உங்கள் பக்கம் வருகிறது. அட்வான்ஸ் தரும்போதும் 1 சதவீதம் பிடிக்க வேண்டும். கடைசித் தொகையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, அதற்கு மேல் படிவத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். இருவர் சேர்ந்து வாங்குவதால் அவரவர் பங்குக்கு அவரவர் பான் எண்ணில் தனித்தனிப் படிவம் போட வேண்டும். முழுவதையும் உங்கள் பான் எண்ணில் கட்டிவிட்டால், மனைவி பாதி வாங்கினார் என்பதற்கு வரித்துறைப் பதிவில் தடயமே இருக்காது.