பதில்: ஐந்தாம் வகுப்பு – நாவலை வைத்துச் செய்தி எழுதச் சொன்னால் முழுக்கதையும் எழுதுகிறார்கள்

வணக்கம் டீச்சர். பொன்னியின் செல்வனைச் சொல்லி முடித்து "செய்தி எழுதுங்கள்" என்றதும் எல்லாரும் நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. முழு நாவலையும் தராமல் ஒரே ஒரு காட்சியைக் கொடுங்கள்.

நான் கொடுத்தது புயல் காட்சி. கப்பல் எரிகிறது, வந்தியத்தேவனைக் காப்பாற்ற இளவரசர் அருள்மொழி கடலில் குதிக்கிறார், பூங்குழலி படகில் வந்து இருவரையும் மீட்கிறாள். ஆனால் ஊருக்குள் பரவுவது இளவரசர் மூழ்கிவிட்டார் என்ற பேச்சு. செய்தி எழுதப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. "நீ கோடிக்கரையில் நிற்கும் நிருபர். உன் கண்ணுக்குத் தெரிந்தது என்ன, காதில் விழுந்தது என்ன?" என்று கேளுங்கள். வாசகருக்குத் தெரிந்த ரகசியம் நிருபருக்குத் தெரியாது என்பது பிடிபட்டதும் கதை தானாக நின்றுவிடும்.

ஒரு மாணவி முதலில் "பாவம் இளவரசர் இறந்துவிட்டார்" என்று எழுதினாள். "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டேன். "கோடிக்கரை: இளவரசர் கடலில் மூழ்கியதாகக் கூறப்படுகிறது" என்று அவளே மாற்றினாள்.

அப்புறம், கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கராக ஒரு பிள்ளையை நிறுத்துங்கள், மற்றவர்கள் அவரைப் பேட்டி எடுக்கட்டும். மேற்கோள் வாக்கியங்கள் அங்கேயே கிடைத்துவிடும். தலைப்பைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள், ஐந்து சொல்லுக்குள்.